தருமபுரியில் பார்த்த நடுகற்கள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மச்சான் பட்டுப்புழு வளர்க்கிறார் இல்லையா, அவரோடு தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போயிருந்தேன், ஏலம் முடிய நேரமாகும் என்றார், சரி என்று தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கு, அதாவது அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கு, போய்விட்டேன்.

அங்கே நடுகற்களைத்தான் பார்க்க வேண்டும் செல்வம். ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதிச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், இப்படிப்பட்டவர்களுக்கு நட்ட கற்கள். கையில் வில், வாள், சிலருக்கு உடம்பில் தைத்த அம்பைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய ஆள் இன்னான் தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான், என்று இருக்கும். அரசன் பெயர் காலம் சொல்ல வருகிறது, அவ்வளவுதான், கல் மாடு மீட்கப் போனவனுடையது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதியமான் ஆண்ட தகடூர் என்பதே இந்தத் தருமபுரிதானே. அவன் இறந்தபோது ஔவை பாடியது ஞாபகம் இருக்கிறதா? மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளை ஏற்றுக்கொள்வானா என்று கேட்பாள். பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு சரி. அந்தக் கற்களுக்கு நடுவில் நின்றபோது அந்த வரிகள் தொண்டையை அடைத்துவிட்டன.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல நடுகற்களை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அப்படிப் பூசை நடக்கிற கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரவே கூடாது என்பது என் எண்ணம், கேட்பாரற்று வரப்பிலும் ஓடையிலும் கிடப்பதற்குத்தான் அகழ்வைப்பகம்.

அப்புறம், திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்துச் செத்தவன் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, ஒரு நாள் கூடுதலாக விடுப்பு போட்டுவிட்டு வா, சேர்ந்தே போகலாம். வண்டிக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி