வட்டம் போட இடம் தந்தவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்களோடு நின்ற எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

போன கிழமை கல்லடியில் எங்கள் வட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிய நாள் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களுக்கு அன்றைக்கே நன்றி சொல்லியாயிற்று. ஆனால் அப்படி ஒரு நாள் வருவதற்கு வழிசெய்த பலர் அன்று மண்டபத்தில் இல்லை. சிலருக்குத் தாங்கள் உதவி செய்ததே தெரியாது. ஒருவர் திட்டித் திட்டியே உதவினார். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். விளையாட்டுப் பிள்ளைகளின் மனப் பக்கத்தைப் பார்க்கிற ஆட்கள் நாங்கள். உடற்கல்வி ஆசிரியர்கள், பயிற்றுநர்கள், உளவளத்துணையாளர்கள், உளவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளையவர்கள். போட்டிக்கு முந்தின இரவு நித்திரை வராத பிள்ளை, காயம் ஆறிய பிறகும் காலை ஊன்றப் பயப்படுகிற பிள்ளை, தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பஸ்ஸுக்குள்ளேயே இருக்கிற பிள்ளை, இவர்களோடு எப்படிப் பேசுவது என்று ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளத்தான் கூடத் தொடங்கினோம். பதிவு இல்லை, கடிதத் தலைப்பு இல்லை. வட்டம் என்று சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான்.

மறுகா, அந்த வட்டத்துக்குள் சின்ன வட்டங்கள் வந்தன. முஸ்லிம் பெண் பயிற்றுநர்களுக்கு ஒன்று. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. மாற்றுத்திறனாளி வீரர்களுக்கும் அவர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கும் ஒன்று. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாட்டுத் தொழில்முறைச் சங்கங்களில் காயம், இளையோர் விளையாட்டு என்று படிக்கிற விஷயத்தை வைத்துச் சேரும் குழுக்கள் ஒரு பக்கம் இருக்கும். தாங்கள் யார் என்பதை வைத்துச் சேரும் குழுக்கள் இன்னொரு பக்கம் இருக்கும். 1968 இல் அமெரிக்க உளவியலாளர்களின் மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோதே கறுப்பின உளவியலாளர்கள் தனியாகக் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1985 இல் உருவான பிரயோக விளையாட்டு உளவியல் சங்கத்துக்குள்ளும் இப்படி அடையாளத்தை வைத்துக் கூடும் குழுக்கள் உண்டு. பிரிந்து போகாமல் உள்ளேயே இருந்துகொண்டு தனியாகவும் கூடுவது இந்தக் குழுக்களின் வழி. எங்களுக்கும் அதுதான் பிடித்தது.

இதை எங்களுக்கு விளங்கப்படுத்திய அக்கா கடல் கடந்து இருக்கிறார். தனக்கு விடியற்காலை, எங்களுக்குப் பின்னேரம் என்று பாராமல் தொலைபேசித் திரையில் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்ன ஒன்றை நாங்கள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்: "அவங்கட பிரச்சினைய அவங்களே பார்க்கட்டும் என்று பெரிய குழு கையைக் கழுவுதென்றால், அண்டைக்கே சின்ன வட்டத்தை மூடிப் போடுங்க." இந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்றைத்தான் செய்து முடித்திருப்போம். அக்கா, உங்களுக்கு முதல் நன்றி.

இனித் திட்டியவர். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, ஆனால் வெபர் மைதானப் பக்கம் போகிற யாருக்கும் ஆளைத் தெரியும். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குருமாரிடம் கூடைப்பந்து பழகிய தலைமுறை அது. அந்தக் குருமாரில் ஒருவரான, 1990 ஓகஸ்டில் காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் சேரின் குரல் மாறிவிடும். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று கலந்து ஒரே அணியில் ஆடியவருக்கு நாங்கள் செய்வது எப்படித் தெரிந்திருக்கும்? "ஒரு பந்தைக் குடுத்து ஒன்றா ஓட விட்டாப் போதும். திரும்பவும் கோடு கீறப் போறீங்களா?" என்று கேட்டார். இந்த மாவட்டங்களில் கோடு கீறியதால் என்ன நடந்தது என்று தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. லேசாக ஒதுக்கிவிட முடியாது.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நிறையப் படித்தோம். சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களுக்கு உதைபந்தாட்டத் தொடர் ஒன்றை நடத்தி, சில அணிகளில் முஸ்லிம் வீரர்களையும் சேர்த்து, என்ன நடக்கிறது என்று பார்த்து 2020 இல் வெளியிட்டார். கலந்து ஆடியவர்கள் அடுத்த பருவமும் கலந்தே ஆட விரும்பினார்கள், முஸ்லிம்களோடு பயிற்சி எடுத்தார்கள். சேர் சொன்னது அவ்வளவுக்குச் சரி. ஆனால் மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவது என்று வந்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. இன்னொன்று, கோர்டன் ஆல்போர்ட் 1954 இலேயே சொல்லி வைத்தது: வெவ்வேறு ஆட்கள் கலப்பதால் நன்மை வரவேண்டுமென்றால் கலக்கிற இடத்திலாவது அவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும். எங்கள் பெரிய வட்டத்தில் அந்தச் சமம் இருந்ததா? பேசுகிறவர்களே பேசினோம். மற்றவர்கள் தேநீர் நேரத்தில் மூலையில் நின்று மெதுவாகச் சொன்னார்கள்.

சேர், நீங்கள் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். பரவாயில்லை. கல்லடிக் கூட்டத்துக்குக் கதிரைகளை யார் அனுப்பியது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

காத்தான்குடியில் தன் வீட்டு முன்னறையைத் திறந்துவிட்ட ரீச்சருக்கும், ஒவ்வொரு முறையும் வட்டிலப்பமும் பிளேன்டீயும் தந்த அவருடைய உம்மாவுக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அந்த அறையில் கேட்டது ஒன்றை, சொன்னவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வலைப்பந்தாட்ட அணி ஒன்றில் நன்றாக எறிகிற பிள்ளை, வெளி மைதானம் என்றால் மட்டும் கை நடுங்கிவிடும். நாங்கள் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம், கண்ணை மூடி எறிதலைக் கற்பனை செய்யச் சொன்னோம். ஒன்றும் வேலை செய்யவில்லை. பர்தாவோடு ஆடுவதுதான் சங்கடம்போல என்று எங்களில் சிலர் தாங்களாகவே முடிவுகட்டி, உதைபந்தாட்டத்தில் 2014 இலும் கூடைப்பந்தில் 2017 இலும் தலைமறைப்புக்கு அனுமதி வந்த கதையெல்லாம் சொல்லி ஆறுதல் கூறினார்கள். பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில், தன்னைப்போன்ற பெண்கள் மட்டும் இருந்த இடத்தில், அவளுடைய பயிற்றுநர் விஷயத்தை உடைத்தார்: பயம் கோட்டுக்கு வெளியே நிற்கும் கைத்தொலைபேசிகள். பாய்ந்து எறியும்போது எடுத்த படம் பின்னேரமே முகநூலில் ஏறிவிடும், இரவுக்குள் மாமா வீட்டுக்குப் போய்விடும், மறுநாள் வாப்பாவிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். வாப்பாவுக்கு மகள் விளையாடுவதில் ஆட்சேபனையே இல்லை. அந்த ஒரு வார்த்தைதான்.

இதற்கு மூச்சுப் பயிற்சி எதற்கு? ஒலிவாங்கியில் ஒரு அறிவித்தல் போதும். இப்போது எங்கள் பயிற்றுநர்கள் போட்டிக்கு முன்னமே ஏற்பாட்டாளர்களிடம் பேசி, பெண்கள் ஆட்டங்களில் படம் எடுப்பதற்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்று சொல்லவைக்கிறார்கள். அதைக் கேட்டு நடந்த கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கு நன்றி. பெரிய கூட்டத்தில் இந்த விஷயம் ஒருநாளும் வெளியே வந்திருக்காது, ஏனென்றால் படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்!

படுவான்கரை வட்டம் கேலியில் பிறந்தது. "அங்கத்தப் பிள்ளைகள் நல்லா ஓடுவாங்க, ஆனா ஆட்டத் திட்டம் சொன்னா ஏறாது" என்று ஒரு பயிலரங்கில் யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தோம். கொக்கட்டிச்சோலையில் இருந்து வந்த தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த முறை அவர் ஓர் ஆய்வோடு வந்தார். ஜெஃப் ஸ்டோனும் கூட்டாளிகளும் 1999 இல் வெளியிட்டது: ஒரே கோல்ஃப் ஆட்டம், ஒரே மாதிரிக் குழிகள். இது விளையாட்டு அறிவைச் சோதிப்பது என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் சறுக்கினார்கள். இயல்பான உடல்திறனைச் சோதிப்பது என்று சொன்னபோது வெள்ளையின மாணவர்கள் சறுக்கினார்கள். ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிய ஒரு வரிதான் வித்தியாசம். "நாங்க ஒவ்வொரு போட்டிக்கும் வாவியத் தாண்டி வரக்குள்ள அந்த வரியையும் தூக்கிட்டுத்தான் வாறம்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தம்பிக்கும், மண்டூர்ப் பக்கமிருந்து பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி, பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமே என்ற யோசனையோடே வந்துபோகும் அண்ணன்மாருக்கும் நன்றி. இப்போதெல்லாம் அந்த வட்டம் வாவிக்கு அந்தப் பக்கத்திலேயே கூடுகிறது. போக வேண்டியவர்கள் நாங்கள்.

மாற்றுத்திறனாளி வீரர்களின் வட்டம் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தங்களைத் தன்னம்பிக்கைக் கதையாக்க வேண்டாம். போரில் கால் இழந்தவர் ஒருவர் குண்டெறிதலில் மாகாண மட்டம்வரை போனவர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேச அழைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், ஆனால் தோளை எப்படித் திருப்பினால் இன்னும் அரை மீற்றர் கூடும் என்று அவரோடு உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை என்றார். தினேஷ் பிரியந்த ஹேரத் டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்றபோது எல்லாரும் அவருடைய காயத்தைப் பற்றித்தான் பேசினார்கள், எறிதலைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்றும் கேட்டார். நியாயமான கோபம். தன் ஓய்வு நாளைக் கொடுத்து அவரோடு எறிதல் வட்டத்தில் நின்ற மெய்வல்லுநர் பயிற்றுநருக்கு நன்றி. வெயிலில் நின்றதற்கு வேறு, தனியாக.

அம்பாறை நகரத்தில் இருந்து வரும் ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிங்களம்தான் அவருக்குச் சரளம், தமிழ் கொஞ்சம் விளங்கும். நாட்டில் அவர் பெரும்பான்மை, எங்கள் அறையில் அவர் ஒற்றை ஆள். அவருக்கும் ஒரு வட்டம் வேண்டுமா என்று நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஒரு ஆளை வைத்து என்ன வட்டம் போடுவது என்று சிரித்தார். பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க ஒருவர் போதும் என்றார். அதைவிடப் பெரிய உதவி, நாங்கள் மூன்று சமூகத்தவர் இருக்கும் மேசையில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று நெளிந்துகொண்டிருந்தபோது, 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு தன் பாடசாலையில் ஒரு முஸ்லிம் சக ஆசிரியரோடு சில மாதங்கள் பேசாமல் இருந்ததை அவராகவே எடுத்துச் சொன்னது. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஸ்தூதி, சேர்.

வகுப்பறைச் சாவியை நம்பித் தந்த அதிபருக்கு, கூட்டக் குறிப்புகளில் ஆட்களை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வராமல் பார்த்துத் தட்டச்சு செய்த தங்கச்சிக்கு (எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரராக இருக்கும் ஊரில் இது லேசான வேலை இல்லை), மழை நாளில் காசு வாங்க மறுத்த ஓட்டோ அண்ணனுக்கு, எல்லாருக்கும் நன்றி.

அடுத்த பொதுக் கூட்டம் மாரி மழை விட்ட பிறகு கல்முனைப் பக்கம் வைக்க யோசிக்கிறோம். இரண்டு மொழியும் தெரிந்த, மொழிபெயர்க்கும்போது தன் கருத்தைக் கலக்காத ஆள் ஒருவர் தேவை. சக்கர நாற்காலி ஏறக்கூடிய மண்டபமும் தேவை. தெரிந்தவர்கள் வட்டத்தில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
கல்லடியில் இருந்து, எல்லா வட்டங்களின் சார்பிலும்