தம்பிக்கு, ஹெரஃபோர்டிலிருந்து அப்பா

தம்பி,

மூன்று வாரமாகப் போன் இல்லை. மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் மட்டும் வருகிறது. சரி, வேலை அதிகமாக இருக்கும். இங்கே டாபினெட் ஆப்பிள் விழுகிற நேரம், தோப்புப் பக்கம் போனால் நசுங்கின பழ வாசனை. அக்காவுக்கு ஜனவரியில் தேதி சொல்லியிருக்கிறார்கள், அதை அப்புறம் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்கு வந்தபோது குப்பைத் தொட்டியில் பார்த்த நீலப் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்கிற சைடரே இல்லைடா. இங்கிலாந்தில் 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தாலே சைடர் என்று விற்கலாம், மீதியெல்லாம் சர்க்கரைப்பாகும் தண்ணீரும்தான். ஹெரஃபோர்டில் வளர்ந்த பிள்ளைக்கா இதைச் சொல்ல வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு ஃபாக்ஸ்வெல்ப் ஆப்பிள் எது டாபினெட் எது என்று சொன்னவனாயிற்றே நீ, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குடித்தே ஆக வேண்டுமென்றால் நல்லதாகக் குடி. பரோ ஹில்காரர்கள் கிங்ஸ்டன் பிளாக் ஆப்பிள் ஒன்றை மட்டும் வைத்துப் பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கவிட்டுப் போடுகிறார்களே, அது. துவர்ப்பும் புளிப்பும் அந்த ஒரு பழத்திலேயே இருப்பதால் வேறு ரகம் கலக்கவே தேவையில்லை. இல்லையென்றால் பில்டன் சைடர். குளிரில் சாற்றை அப்படியே விட்டால் பழுப்பாக ஆடை கட்டி மேலே வரும், அடியில் தெளிந்ததை மட்டும் எடுப்பார்கள், ஈஸ்ட்டுக்குத் தீனி குறைந்துபோவதால் மெதுவாக நொதித்து, இனிப்பு மிச்சம் இருக்கும்போதே அடங்கிவிடும். சர்க்கரை போடாத இனிப்பு. போதையும் குறைவு. அதற்குத்தான் சொல்கிறேன், போதை குறைவு. சாப்பிட்டுவிட்டுக் குடி. தனியாக உட்கார்ந்து குடிக்காதே. சாப்பிட்டுவிட்டுக் குடி.

பண்ணையாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கை சைடராகவே கொடுத்து வந்ததை 1887இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள் என்று மியூசியத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "அநியாயம்ப்பா, நிறுத்தியிருக்கக் கூடாது" என்றாய், நானும் சேர்ந்து சிரித்தேன். உனக்குப் பதினைந்து வயது. அன்று சாயங்காலம் என் கிளாஸிலிருந்து உனக்கு ஊற்றிக் கொடுத்ததும் நான்தான். நீ முகம் சுளிக்காமல் குடித்ததில் எனக்குப் பெருமை வேறு. அம்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள்.

ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நைட் டூட்டி முடிந்து வந்து காலை எட்டு மணிக்கு அங்கே நின்றுகொண்டு, சைடர்தானே, பழச்சாறுதானே என்று பதினோரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இப்போது என்ன சொல்லிக்கொள்கிறாய் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை, என் வார்த்தையாகத்தான் இருக்கும்.

உனக்கு அனுப்ப ஆறு பாட்டில் பெட்டியில் கட்டி, முகவரியும் எழுதி, ஹாலில் வைத்திருக்கிறேன். நான்கு நாளாகிறது, போஸ்ட் ஆபீசுக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை.

போன் பண்ணு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அப்பா