கறந்த சூட்டுப் பாலும் விலக்கி வைத்த சாளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு முறிந்தவர்கள் காய்ச்சாத பாலைக் கறந்த சூட்டோடு குடித்தால் சீக்கிரம் கூடிவிடும் என்று தங்கள் இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதே பேச்சைக் கேட்டுப் பட்டவன் நான்.

ஆனி மழையில் தொழுவத்துப் பாசியில் வழுக்கி விழுந்து என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. வயது 61. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றே, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மைனி (அண்ணன் மனைவி) சொன்னது பச்சைப் பால். "காய்ச்சுனா சத்தெல்லாம் ஆவியாப் போயிரும் தம்பி." பசுவோ வீட்டிலேயே நிற்கிறது. காலையும் மாலையும் நுரையோடு ஒரு டம்ளர் கொடுத்தேன். நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. மாவுக்கட்டு நனையாமல் பிளாஸ்டிக் உறை சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ராத்திரி ஏழெட்டுத் தடவை கழிப்பறை வாசலில் டார்ச்சோடு நின்றேன். பால்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கியதும் நின்றது, அவ்வளவுதான் தெரியும்.

சுண்ணாம்புச்சத்து ஒரு கனிமம். அது அடுப்பில் ஆவியாகாது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்; காய்ச்சினாலும் ஏறக்குறைய அதேதான். குறைவது வைட்டமின் சி-யும் சில பி வைட்டமின்களும். வைட்டமின் சி-க்கு யாரும் பாலை நம்பி இருப்பதில்லை, ஒரு நெல்லிக்காய் போதும். பச்சைப் பாலில் உள்ள பாஸ்படேஸ் நொதிதான் சுண்ணாம்பைச் சேர்க்கிறது என்றும் சொல்கிறார்கள். அந்த நொதியும் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் மற்ற புரதத்தைப் போல அதுவும் செரித்துப்போகும். நம் உடம்புக்கு வேண்டியதை உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது.

சினைப் பசு குறை மாதத்தில் கன்றைப் போட்டுவிடுகிற கன்று வீச்சு நோய், மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் புருசெல்லா கிருமி காய்ச்சாத பால் வழியாக மனிதனுக்கு வரும். வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல். பலருக்கு அது போய் உட்காரும் இடம் முதுகெலும்பும் இடுப்பு மூட்டும். எலும்பு கூடக் குடித்த பாலே எலும்பைப் பிடிக்கிற கதை! ஒரு கொதி வந்தால் அந்தக் கிருமி செத்துவிடும்.

ஆனால் பச்சைப் பாலைவிட எங்கள் வீட்டில் பெரிய கெடுதல் செய்தது பத்தியம். மீன் கூடாது, சீழ் வைக்கும். முட்டை சூடு. பயறு வாய்வு. மிச்சம் இருந்தது கஞ்சியும் பப்படமும் பாலும். மூன்றாம் வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது ஆள் மெலிந்திருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "அம்மா, என்ன சாப்பிடுறீங்க?" சொன்னதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லையாம். ஓலைத் தட்டியில் மண் பூசினாற்போல, கொலாஜன் என்கிற புரத நார்மேல் சுண்ணாம்பு படிந்ததுதான் எலும்பு. முறிந்த இடத்தில் முதல் சில வாரங்களில் அந்தத் தட்டியைத்தான் உடம்பு முடைகிறது. அப்போது புரதத்தை நிறுத்தினால் எதன்மேல் பூசுவது?

தேங்காய்ப்பட்டணத்துச் சாளை (மத்தி மீன்) எங்கள் வாசலுக்கே வருகிறது. மரச்சீனிக் கிழங்கோடு சாளைக் கறி வைத்தால் புரதம், வைட்டமின் டி, முள்ளோடு மென்றால் சுண்ணாம்பு எல்லாம் ஒரே சட்டியில். அதை மூன்று வாரம் விலக்கி வைத்தோம். நெத்தோலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் நம் பக்கத்தில் கிடைக்காததா? நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிப்பதும் வீண்தான். வேகவைத்தால் சேரும் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் பச்சையில் சேரும். ஆட்டுக்கால் சூப் ருசிக்குக் குடிக்கலாம், சுண்ணாம்பு அதில் அதிகம் இறங்குவதில்லை. ஆண்களுக்குப் பத்தியம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் பீடியை நிறுத்தச் சொல்லட்டும். எலும்பு கூடுவதை அது உண்மையிலேயே தாமதப்படுத்தும்.

ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். இப்போது கையில் ஒரு பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறாள். பாலும் உண்டு, காய்ச்சித்தான்.

மைனியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மருத்துவமனையில் தந்த சீட்டில் மாத்திரை இருந்தது, மறுபரிசோதனைத் தேதி இருந்தது. என்ன சாப்பிடலாம் என்று ஒரு வரி இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் மைனி நிரப்பினார். 'மீன், முட்டை, பயறு சாப்பிடலாம். பாலைக் காய்ச்சிக் குடிக்கவும்' என்று சீட்டின் அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு அடித்துத் தரச் சொல்லித் தங்கள் இதழ் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.