'நார்மல்' என்று போட்டிருக்கிறார்கள், சரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் சோதனையின் தாள், வந்தது. 'சராசரி 15 டெசிபல், நார்மல்' என்ற கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை உள்ளே வைத்துவிடாதே. மேலே இருக்கும் கட்டத்தைப் பார்.

இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ்: கட்டைக் குரலில் தொடங்கிக் கீச்சுக் குரலில் முடியும். மேலிருந்து கீழே டெசிபல், அதாவது ஒலி எவ்வளவு உரக்க இருந்தால் கேட்கிறது என்ற அளவு. புள்ளி கீழே போகப் போகக் கேட்பது குறைவு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. 0 டெசிபல் என்றால் நிசப்தம் அல்ல. நல்ல காதுள்ள இளவயதினருக்குச் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலி. அதனால்தான் சிலருக்கு மைனஸ் 5கூட வருகிறது.

பெரியவர்களுக்கு 25 வரை நார்மல் என்பது பழைய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் 20க்குக் கீழ் என்கிறது. 22 வந்தவர் ஒரு இடத்தில் நார்மல், இன்னொரு இடத்தில் லேசான குறைபாடு!

இப்போது உன் இடது காது: 500இல் 5, 1000இல் 5, 2000இல் 10, 4000இல் 40. கூட்டி நான்கால் வகுத்தால் 15. அந்த 40 சராசரிக்குள் ஒளிந்துகொண்டது. 8000இல் மறுபடி 15க்கு ஏறிவிடுகிறது. 4000இல் மட்டும் இப்படிப் பள்ளம் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உரத்த சத்தத்தைத்தான். வலது காதிலும் அதே இடத்தில் 35. ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. கூட்டத்தில் பேச்சு கேட்கிறது, சொல் புரியவில்லை என்கிறாயே, அதற்கு இது காரணமாக இருக்கலாம். பள்ளமே இல்லாதவர்களுக்கும் அந்தச் சிரமம் வருவதுண்டு. சத்தம் புகாத அறையில் ஒற்றை ஒலியைக் கேட்பது வேறு, இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பது வேறு. இரைச்சலில் பேச்சு கேட்கும் சோதனை தனியாக உண்டு, கேட்டுச் செய்துகொள்.

மறுபடி எடுக்கும்போது, முந்தைய 16 மணி நேரம் ஹெட்போனும் உரத்த சத்தமும் வேண்டாம். காதில் குறும்பி அடைத்திருந்தால் முதலில் டாக்டரிடம் எடுத்துவிடு. சளி பிடித்திருந்தால் தள்ளிப் போடு. கம்மலையும் கண்ணாடியையும் கழற்றிவிடு, ஹெட்போன் காதோடு ஒட்டி உட்காரட்டும். ஒலி கேட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் பொத்தானை அழுத்து. பாதி தடவையாவது பிடிபடும் அளவைத்தான் குறிப்பார்கள். 5 டெசிபல் முன்பின் வந்தால் கவலைப்படாதே, ஒலியைக் கூட்டுவதே ஐந்தைந்தாகத்தான்.

காதின் பின் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்து எடுத்த அளவும் ஹெட்போனில் எடுத்த அளவும் உனக்கு ஒட்டியே போகின்றன. 10க்கு மேல் இடைவெளி இருந்தால் வெளிக்காதிலோ நடுக்காதிலோ ஒலி தடைபடுகிறது என்று பொருள். உனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எப்போதாவது ஒரு காது திடீரென்று மந்தமானால், குறும்பியோ சளியோ என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதே. அன்றே காது டாக்டரைப் பார். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அம்மா