ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படர்தாமரைக்கு வீட்டு வைத்தியம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குளித்ததும் ஈரம் போகத் துடைப்பது, துண்டைத் தனியாக வைத்துக்கொள்வது எல்லாம் சரி. ஆனால் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு அதில் விட்டுப்போயிருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சொல்கிறேன்.

அரிப்பு தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டால், பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் சேர்த்து ஒரே ட்யூபாகக் கொடுத்துவிடுகிறார்கள். பூசிய கொஞ்ச நாளிலேயே அரிப்பு அடங்கும், சிவப்பும் மங்கும். நல்ல மருந்து என்று அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவிடுகிறோம். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை உடம்பு எதிர்ப்பதால் வருபவை. அந்த எதிர்ப்பைத்தான் ஸ்டீராய்டு அடக்குகிறது. பூஞ்சை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். களிம்பை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகப் படரும். வட்டத்தின் ஓரமும் கலைந்துபோவதால் மருத்துவருக்கே சட்டென்று அடையாளம் தெரியாது. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுசாக மறைவதில்லை.

வாங்கும்போதே ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஸ்டீராய்டின் பெயர் ஏதாவது பொடி எழுத்தில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதே போதும். நடுவில் தோல் தெளிந்திருந்தாலும், மேடாகச் செதில் உரியும் ஓரத்தில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். அதனால் அந்த ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். தடிப்பு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடாமல் தடவ வேண்டும். பலர் அரிப்பு நின்ற அன்றே நிறுத்திவிட்டு, அப்புறம் மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

கட்டுரையில் பூண்டை அரைத்துப் பூசச் சொன்னதில் எனக்கு உடன்பாடே இல்லை. பச்சைப் பூண்டு தோலைப் பொசுக்கிக் கொப்புளம் எழுப்பும்.

தலையில் வந்தால் களிம்பு பலிக்காது, மாத்திரை வேண்டும். நகத்துக்கும் பெரும்பாலும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் முதலிலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒழுங்காகத் தடவியும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் யாராக இருந்தாலும் போகத்தான் வேண்டும். டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சைகள் இப்போது பரவி வருகின்றன. அவற்றில் ஒன்றுக்கு 2020-இல்தான் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரே வைத்தார்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு கலவையைப் பூசிக்கொண்டிருப்பவர்கள், அந்த ட்யூபையே கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு நாளாகப் பூசுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகி