சின்ன நிலத்தைப் பத்தி அம்பேத்கர் பேசினதையும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல வந்த கட்டுரையில, துண்டு துண்டா கெடக்கிற நிலத்தால பிரயோஜனமே இல்ல, எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பெரிய கைக்கு விட்டாதான் விவசாயம் உருப்படும்னு எழுதியிருந்தாங்க. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. இதே பேச்சு 1927லயே பம்பாய் சட்டசபைல மசோதாவா வந்துச்சு, ஒரு அளவுக்குக் கீழ நிலத்தைப் பிரிக்கக் கூடாது, சிதறிக் கெடக்கிறதை ஒண்ணாக்கணும்னு. அக்டோபர் 10ம் தேதி எந்திரிச்சு அதை எதிர்த்துப் பேசினவர் டாக்டர் அம்பேத்கர்.

நிலம் சின்னதா பெருசாங்கிறது பிரச்சனையே இல்ல, அதுல போட முதல் இருக்கா, மாடு கருவி இருக்கா, அதைப் பாருங்கன்னாரு. 1918லயே எழுதியிருக்காரு, நம்ம விவசாயி கையில இருக்கிற கருவிக்கு அவன் நிலம் சின்னதே இல்ல, பெருசுன்னு. இதைப் படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சு சார், ஏன்னா எங்க வீட்டு கதை அதான். அப்பாவோட 60 சென்ட்டை அண்ணன் தம்பி மூணு பேரும் ஆளுக்கு 20 சென்ட்டா பிரிச்சோம், நடுவுல ரெண்டு வரப்பு ஏறுச்சு, ஒரே போர் மோட்டார், முறை வச்சு தண்ணி. டிராக்டர் உள்ள எறங்கினா திரும்பவே எடம் பத்தாது, ஆனா வாடகை மணிக்கணக்குதான். இந்த 20 சென்ட்டையும் எவனுக்கோ விட்டுட்டா நான் நாளைக்கு கூலிக்குத்தான் போகணும், அம்பேத்கர் சபையில பயந்ததும் இதுதான், ஒண்ணாக்குறேன்னு சொல்லி சின்ன விவசாயிய நிலமில்லாதவனா ஆக்கிருவீங்கன்னு. சும்மா வேணாம்னு மட்டும் சொல்லிட்டு உக்காரல, பட்டா அவனவன் பேர்லயே இருக்கட்டும், உழவை மட்டும் கூட்டுறவா சேந்து பண்ணுங்கன்னு வழியும் சொன்னாரு.

1937ல கொங்கண் பக்கம் விவசாயிக்கும் சர்க்காருக்கும் நடுவுல நின்னு வசூல் பண்ணின கோத்தி முறையை ஒழிக்கணும்னு மசோதா கொண்டு வந்ததும் அவர்தான். அதுக்கு சட்டம் வந்தது 1949ல.

ஏப்ரல் 14 வந்தா எல்லா பேப்பரும் அரசியல் சட்டத்தைப் பத்தி ஒரு பக்கம் போடுறீங்க, நல்ல விஷயம், ஆனா நிலத்தைப் பத்தி அவர் பேசினது ஒரு வரி கூட கண்ணுல பட மாட்டேங்குது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒருத்தர் கையில இருக்கிற சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கர் கூட இல்ல. அவங்களுக்காகப் பேசின பேச்சு இது. அவர் எழுதினது, பேசினது எல்லாம் நூல் தொகுதிகளா தமிழ்லயே வந்திருக்கு, லைப்ரரில கிடைக்கும். அந்த 1927 பேச்சை ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போடுங்க சார், எங்க அண்ணன் தம்பிகளை உக்கார வச்சு நானே படிச்சுக் காட்டுறேன், அடுத்த போகத்துக்காவது அந்த ரெண்டு வரப்பையும் எடுத்துட்டு மூணு பேரும் சேந்து உழ முடியுமான்னு பேசணும்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி