பிராப்ளம் ஸ்டேட்மென்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுத் துறைகள், மாநகராட்சிகள், பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து ஹேக்கத்தானுக்கு (மாணவர் அணிகள் குறுகிய நேரத்தில் நிரலோ கருவியோ உருவாக்கிக் காட்டும் போட்டி) பிராப்ளம் ஸ்டேட்மென்ட், அதாவது தீர்க்க வேண்டிய சிக்கலைச் சொல்லும் கேள்வி, எழுதி அனுப்பும் அலுவலர்களுக்கும், அவற்றை வாங்கிப் போட்டி நடத்தும் கல்லூரி ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017இல் தொடங்கியது. ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், மென்பொருள் பிரிவுக்கு இடைவிடாத 36 மணி நேரம் என்ற விதிகளெல்லாம் இன்று பொறியியல் மாணவர்களுக்கு மனப்பாடம். அதே அச்சில் கல்லூரிகள் தாங்களாகவே நடத்தும் போட்டிகளும் பெருகிவிட்டன. போட்டி முடிந்ததும் நடுவர் மேசையில் ஒரு பேச்சு தவறாமல் வரும்: “எல்லா டீமும் ஒரே மாதிரி டாஷ்போர்டுதான் போட்டிருக்கான்.” உண்மைதான். ஆனால் அந்தக் கோளாறு பெரும்பாலும் மாணவரிடம் தொடங்குவதில்லை. நீங்கள் அனுப்பும் அரைப் பக்கத்தில் தொடங்குகிறது. அந்த அரைப் பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அடிக்கடி கண்ணில் படும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: “சென்னையில் மழைநீர் தேங்கும் தெருக்களை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் செயலி.” படிக்க நன்றாக இருக்கிறது. கூடவே தரவு என்று கொடுக்கப்படுவது இந்திய வானிலைத் துறையின் கட்ட வடிவ மழைத் தரவுக்கான இணைப்பு. அதில் ஒரு கட்டம் 0.25 பாகைக்கு 0.25 பாகை. சென்னையின் அட்சரேகையில் அது ஏறத்தாழ 27 கி.மீ.க்கு 28 கி.மீ., அதாவது சுமார் 750 சதுர கி.மீ. பெருநகர சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கி.மீ.தான். முழு மாநகரத்துக்கும் ஒரு நாளைக்கு ஓரிரு எண்கள் கையில் இருக்க, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எப்படிச் சொல்வது? 36 மணி நேரம் இல்லை, 36 மாதம் கொடுத்தாலும் முடியாது. மாணவருக்கு வேறு வழியில்லை. கூகுள் மேப் மேல் சிவப்புப் புள்ளிகளை வைத்து டாஷ்போர்டு போடுகிறார்.

இன்னொரு பொறியும் அந்தத் தரவில் இருக்கிறது. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, பதிவாவது முடிகிற நாளின் தேதியில். 2015 டிசம்பர் 2 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று பதிவானது, பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று கொட்டிய மழை. இதைத் தெரியாத அணி, மழைத் தரவையும் வெள்ளப் புகார்களையும் காலண்டர் தேதியை வைத்து இணைத்தால், மழைக்கு முன்னாலேயே வெள்ளம் வந்துவிடும். தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலான மாடல் அதையும் மறுபேச்சில்லாமல் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது பொறி, எது சரியான விடை என்பது. தண்ணீர் தேங்கியதற்கு ஆதாரமாக மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு வந்த புகார்களைக் கொடுப்பார்கள். புகார் வருவது தண்ணீர் நின்ற இடத்திலிருந்து அல்ல, போன் செய்கிற பழக்கம் உள்ளவர்கள் இருக்கும் இடத்திலிருந்து. மின்சாரம் போய், டவர் விழுந்து, கழுத்தளவு தண்ணீரில் இருக்கும் பகுதி அந்தப் பட்டியலில் அமைதியாக, நல்ல பிள்ளையாகத் தெரியும்.

இதே சிக்கலை விடை காணக்கூடியதாக மாற்றலாம். தெருக்களை விடுங்கள், சுரங்கப்பாதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை எண்ணக்கூடியவை. மழை வந்தால் ஒவ்வொன்றையும் மூடிய நேரம், திறந்த நேரம், பம்ப் ஓடிய நேரம் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கும். அருகிலுள்ள தானியங்கி மழைமானியின் 15 நிமிடப் பதிவுகளைச் சேருங்கள். கேள்வி இப்படி ஆகும்: “கடந்த ஒரு மணி நேர மழையை வைத்து, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மூட வேண்டிய சுரங்கப்பாதைகள் எவை?” யாருக்காக, எந்த முடிவுக்காக, எவ்வளவு முன்னதாக என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த மூன்றில் ஒன்று இல்லாத பிராப்ளம் ஸ்டேட்மென்ட்டை ஒருங்கிணைப்பாளர்கள் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

பதிவேடு கையெழுத்தில் இருந்தால் போட்டிக்கு முன்பே தட்டச்சு செய்துவிடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைக் கொடுத்தால் முதல் 20 மணி நேரம் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆரிலேயே போய்விடும். அது வேறு போட்டி.

தரவைக் கொடுக்கும்போது கூடவே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, யார் எப்போது பதிவு செய்தது, வெற்றிடம் என்றால் சுழியமா பதிவில்லையா. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். மழைமானி பழுதான நாளும் மழையில்லாத நாளும் கோப்பில் ஒன்றாகவே தெரிகின்றன. பழுதாவது பெரும்பாலும் பெருமழை நாளில்.

தமிழ்நாட்டுத் தரவுக்கென்றே சில கண்ணிகள் உண்டு. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை பிரிந்தன. 2020இல் மயிலாடுதுறையும் சேர 32 மாவட்டங்கள் 38 ஆயின. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தில் சுமார் 39 லட்சம் பேர். இன்றைய வேலூரின் நோயாளி எண்ணிக்கையை அந்த 39 லட்சத்தால் வகுத்தால் வேலூரில் நோயே குறைந்துவிட்டதாகத் தெரியும். மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததுதான் காரணம் என்பது கோப்பில் எங்கும் இல்லை. பத்தாண்டுத் தரவைக் கொடுத்தால் வட்ட அளவில் கொடுங்கள், அல்லது பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்கும் இணைப்புப் பட்டியல் கொடுங்கள். ஊர்ப் பெயரைத் திறவுகோலாக வைக்க வேண்டாம். திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி எல்லாம் ஒரே கோப்பில் வரும். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் யாராவது கோப்பைத் திருத்தியிருந்தால் இன்னும் அழகு. ஒன்றிய அரசின் உள்ளாட்சிக் கோப்பகக் குறியீட்டு எண்ணே போதும்.

எக்செல் செய்யும் சேதம் தனி. புல எண் 12/3 என்பதை அது மார்ச் 12 அல்லது டிசம்பர் 3 என்று தேதியாக்கிவிடும். சுழியத்தில் தொடங்கும் குறியீட்டின் சுழியம் பறக்கும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாகும், அதுவும் எச்சரிக்கை இல்லாமல். அந்த நெடுவரிசைகளை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுப் பதியுங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, நூறு வரிகளையாவது கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தபின் கொடுங்கள்.

பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டோம், போன் எண்ணை ஹேஷ் செய்துவிட்டோம் (சூத்திரம் ஒன்றால் புரியாத எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டோம்) என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள்தான். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் அத்தனையையும் ஹேஷ் செய்து ஒப்பிட நிமிடங்கள் போதும். போட்டிக்கென்று தொடர்பில்லாத வரிசை எண்ணைப் புதிதாகக் கொடுங்கள். எந்த வரிசை எண் யாருடையது என்ற பட்டியல் உங்களிடமே இருக்கட்டும். அதுவும் போதாத சமயங்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் படப் பரிந்துரையை மேம்படுத்தும் போட்டிக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து, பார்வையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த, பெயர் நீக்கிய சுமார் பத்துக் கோடி மதிப்பெண்களை வெளியிட்டது. ஒருவர் எட்டுப் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் சுமாரான தேதிகளும் தெரிந்தால், 99 சதவீதப் பதிவுகளைத் தனியாக அடையாளம் காணலாம் என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாராயணனும் ஷ்மாட்டிகோவும் 2008இல் காட்டினார்கள். வழக்கும் வந்தது, இரண்டாவது போட்டி 2010இல் கைவிடப்பட்டது. இங்கே இப்போது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனை, நலத்திட்டப் பயனாளிகள், மாணவர் வருகை பற்றிய தரவுகளைத் துறையின் சட்டப் பிரிவு பார்க்காமல் கூகுள் டிரைவில் ஏற்ற வேண்டாம்.

மதிப்பிடும் முறையைத் தரவுக்கு முன்பே தீர்மானியுங்கள். ஒரு சுரங்கப்பாதையில் வருடத்துக்கு எட்டு நாள் தண்ணீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் “தேங்காது” என்றே சொல்லும் ஒற்றை வரி நிரல் 97.8 சதவீதம் சரி! ‘அக்யுரசி’ கேட்டால் இதுதான் கிடைக்கும். தேங்கிய நாட்களில் எத்தனையை முன்கூட்டிப் பிடித்தது, எத்தனை முறை வீணாக மூடச் சொன்னது என்று இரண்டையும் கேளுங்கள். ஒரு தவறவிடல் எத்தனை வீண் எச்சரிக்கைக்குச் சமம் என்பதைத் துறைதான் சொல்ல வேண்டும், மாணவர் அல்ல.

மாடலைச் சோதிக்கும் தரவை, அது கற்கும் பயிற்சித் தரவிலிருந்து வரிசைகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். 15 நிமிடப் பதிவில் 10.15 பயிற்சியிலும் 10.30 சோதனையிலும் விழும். விடைத்தாள் பக்கத்திலேயே இருப்பதால் எல்லா மாடலும் பிரமாதமாகத் தேறும். முழுப் பருவமழையாக ஒதுக்குங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நாட்கள் சோதனைப் பக்கம் இருக்கட்டும். சாதாரண மழைக்குத்தான் யாரும் செயலி கேட்பதில்லையே. விடைக் கசிவு எங்கிருந்தும் வரும்: 2008 கேடிடி கோப்பை என்ற தரவுப் போட்டியில் மார்பகப் புற்றுநோய்த் தரவில் நோயாளியின் அடையாள எண்ணே நோயைக் காட்டிக்கொடுத்தது. வெவ்வேறு இடங்களிலிருந்து திரட்டும்போது எண் வரிசைகள் இடத்துக்கு ஒன்றாக அமைந்துவிட்டன. எக்ஸ்ரேயைப் பார்க்காமலே மதிப்பெண் ஏறியது. இதைத் தடுக்கச் சுலபமான வழி, அனுப்புவதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கேள்வியைத் தானே போட்டுப் பார்ப்பது. “ஒரு மணி நேரம் முன்பு இருந்த நிலையே இப்போதும்” என்ற மொட்டை விதிக்கு என்ன மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டாத அணிக்குப் பரிசில்லை என்று முன்பே அறிவியுங்கள். லீடர்போர்டு (அணிகளின் மதிப்பெண் பட்டியல்) வைத்தால் நாளைக்கு ஐந்து சமர்ப்பிப்பு போதும், இறுதி மதிப்பெண் மாணவர் பார்க்காத இன்னொரு பகுதியில்.

வன்பொருள் பக்கம் வருவோம். வடிகால் நீர்மட்டம் அளக்கும் கருவி என்றால் மேசைக்கு மேசை ஹெச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சார்தான். விலை குறைவு, கடையில் கிடைக்கிறது, டெமோவில் பக்கெட் தண்ணீரை அழகாக அளக்கிறது. வடிகாலுக்குள் இரண்டு கண்ணிலும் ஆவி படிந்து சில நாட்களில் செத்துவிடும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கினால் வேறு வம்பு: முகத்துக்கு முன்னால் சுமார் 20 செ.மீ. தூரத்துக்கு அதற்குக் கண் தெரியாது. மூடிக்கு அடியில் அதைப் பொருத்தினால், வடிகால் நிரம்பி வழியப்போகிற அந்தக் கடைசி 20 செ.மீ.யில் கருவி குருடாகும். எதற்காக வைத்தோமோ அந்த நேரத்தில் மட்டும் வேலை செய்யாது. மேலே உயர்த்த இடமில்லை என்றால் அடியில் அழுத்த சென்சார், அல்லது துணைக்கு ஒரு மிதவை சுவிட்ச். ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறுவதையும் கேளுங்கள். 25 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் இடையே சுமார் 1.75 சதவீதம், இரண்டு மீட்டர் ஆழத்தில் மூன்றரை செ.மீ. பிழை.

மின்சாரம்தான் அடுத்த பலி. செல்போன் வலை வழியாகத் தகவல் அனுப்பும் சிம்800எல் மாட்யூல் சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கருவியை இயக்கும் ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் முனையிலிருந்து கொடுத்தால் போர்டே ரீசெட் ஆகும், மாணவர் இரவு முழுக்க நிரலில் பிழை தேடுவார். தனி 4 வோல்ட் சப்ளையும் மாட்யூலின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வேண்டும். அதே வேலைக்கு வரும் இஎஸ்பி32 போர்டு உறங்காமல் சராசரியாக 100 மில்லிஆம்பியர் தின்றால் 2600 எம்ஏஹெச் 18650 பேட்டரி ஒரு நாள் சொச்சம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நொடி விழிக்க வைத்தால் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு மேல் வரும். டெவலப்மென்ட் போர்டில் வராது, அதிலிருக்கும் ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் எல்இடியும் தூக்கத்திலும் மில்லிஆம்பியர் கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும். எனவே நடுவர் கேட்க வேண்டியது “எவ்வளவு நாள் ஓடும்?” என்பதல்ல. “மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து, உறக்கத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று இப்போது காட்டுங்கள்.” அதற்கு ஒரு மல்டிமீட்டரை அரங்கில் வைத்திருங்கள்.

மதிப்பெண்ணில் பிபிடியின் பங்கைக் குறையுங்கள். அமெரிக்காவின் கோமாப் அமைப்பு 1985 முதல் நடத்தும் கணித மாதிரியாக்கப் போட்டியில் மூன்று பேர் வரை அணி, நான்கு நாள், அறிக்கை 25 பக்கத்துக்குள், முதல் பக்கம் சுருக்கம். மேடைப் பேச்சே கிடையாது. நம் போட்டிகளுக்கு இரண்டு பக்கம் போதும்: என்ன ஊகித்தோம், எங்கே தவறும், வேறொருவர் இயக்க என்ன செய்ய வேண்டும். நிரலை அணியின் லேப்டாப்பில் பார்க்காமல், கல்லூரிக் கணினி ஒன்றில் புதிதாக நிறுவி ஓட்டுங்கள். பாதி அணிகள் அங்கேயே நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். முன்கூட்டியே சொன்னால் தயாராகி வருவார்கள்.

பரிசுக்குப் பிறகு என்ன என்பதையும் அரைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2009இல் பரிசைக் கொடுத்தது; வென்ற அணி பல முறைகளைச் சேர்த்துச் செய்த இறுதிக் கலவையைப் பயன்படுத்தவில்லை. கிடைத்த முன்னேற்றம் அதை நிறுவும் உழைப்புக்கு ஈடாகவில்லை என்றது. 2007இன் இடைப் பரிசில் வந்த நூற்றுச் சொச்சம் முறைகளில் இரண்டை மட்டும் எடுத்து ஓட்டியது. அந்தக் கம்பெனிக்கே அப்படி என்றால், நான்கு மாதத்தில் இடமாற்றலாகும் அலுவலரின் துறையில் மாணவர் நிரல் தானாக உயிர் பிழைக்காது. பயன்படுத்தப்போகும் பிரிவு எது, எந்தப் பதவியிலிருப்பவர் பொறுப்பு, சர்வர் யாருடையது, சோதனை ஓட்டத்துக்கு டெண்டர் இல்லாமல் எவ்வளவு செலவிடலாம், நிரலின் உரிமை யாருக்கு — ஐந்து வரிகள். பெயர் வேண்டாம், பதவி போதும். இடமாற்றலானாலும் பதவி அங்கேயே இருக்கும்.

இதற்கெல்லாம் ஆறு வாரமாவது பிடிக்கும். துறைக்கு ஐந்து கேள்வி என்று கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி இருந்தால், ஒருங்கிணைப்பாளர்கள் அந்தக் கணக்கைக் கைவிட்டு, தரவும் சோதனைக் கோப்பும் கையில் வந்த கேள்வியை மட்டும் இணையத்தில் ஏற்றுங்கள். ஒன்றுதான் தேறினால் ஒன்றை வைத்தே நடத்துங்கள். நாற்பது அணிகள் ஒரே கேள்விக்கு வருவதால் நடுவர்களுக்கு ஒப்பிடவும் சுலபம்.

இப்படிக்கு,
ஹேக்கத்தான்களில் மென்டர்களாகவும் நடுவர்களாகவும் உட்காரும் சிலர்